பாரிட்டி வைத்த வீட்டு சர்வரில் எழுதும் வேகம் குறைவது ஏன்

ஒரு டிஸ்க் கெட்டால் அதன் தரவை மீட்க உதவும் பாரிட்டி டிஸ்க் வைத்த வீட்டு சர்வரில் ஒரு ஃபைலை எழுதும்போது உள்ளே நான்கு வேலைகள் நடக்கின்றன. எழுதப்போகும் இடத்தில் இருக்கும் பழைய தரவைப் படிக்க வேண்டும். பாரிட்டி டிஸ்க்கில் அதற்கு நேரான இடத்தில் உள்ள பழைய பாரிட்டியைப் படிக்க வேண்டும். பிறகு புதிய தரவை ஒரு டிஸ்க்கிலும் புதிய பாரிட்டியை இன்னொன்றிலும் எழுத வேண்டும். கணக்கு எளியது: மூன்று டிஸ்க்குகளில் ஒரே இடத்தில் 1, 0, 1 இருந்தால் ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படை, பாரிட்டி 0. நடுவில் உள்ள 0 மாறி 1 ஆனால் பாரிட்டியும் 1 ஆக வேண்டும். மாறிய டிஸ்க்கின் பழைய மதிப்பும் பழைய பாரிட்டியும் தெரிந்தால் போதும். மற்ற டிஸ்க்குகளைத் தொடவே தேவையில்லை. 1988இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் எழுதிய ரெய்டு கட்டுரையிலேயே, சிறிய அளவில் எழுதுவதற்கு ஆகும் இந்த நான்கு வேலைச் செலவு கணக்கிடப்பட்டுவிட்டது.

நேரத்தைத் தின்பது இந்தக் கணக்கு அல்ல, டிஸ்க்கின் சுழற்சி. படித்த இடத்திலேயே திரும்ப எழுத வேண்டுமானால், அந்த இடம் மறுபடி ஹெட்டுக்குக் கீழே வரும்வரை ஒரு முழுச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 7200 சுற்றுச் சுழலும் டிஸ்க்கில் அது 8.3 மில்லி செகண்டு. 5400 சுற்று டிஸ்க்கில் 11.1. அதனால்தான் தனியாக இருக்கும்போது வினாடிக்கு 160, 180 மெகாபைட் எழுதும் டிஸ்க், அன்ரெய்டு போன்ற அமைப்பில் 40 முதல் 80 மெகாபைட்டுக்குள் நிற்கிறது. பாரிட்டி தரும் பாதுகாப்புக்கு இதுதான் விலை. ஐம்பதில் ஓடும் சர்வரைப் பிரித்துப் போட்டு வாரக்கணக்கில் பழுது தேடுவது வீண் வேலை. வேகம் முப்பதுக்குக் கீழே விழுந்து அங்கேயே கிடந்தாலோ, நன்றாகத் தொடங்கிச் சில நிமிடங்களில் சரிந்தாலோதான் தேடலுக்கே அவசியம் வருகிறது.

வழக்கமான சோதனைகளுக்கு அதிக நேரம் ஆகாது. வேகம் 11 மெகாபைட்டில் ஏறாமல் இறங்காமல் நின்றால் கோளாறு டிஸ்க்கில் இல்லை. கேபிளின் ஒரு ஜோடிக் கம்பி அறுந்தோ, சுவிட்ச்சின் போர்ட் பழுதாகியோ, கிகாபிட் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கிறது. கிகாபிட் சரியாக இருந்தால் 110 மெகாபைட்டை ஒட்டி வரும்; நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் நிரலை ஓடவிட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். வைஃபை வழியாக அளப்பவருக்குச் சொல்ல எதுவும் இல்லை. பின்னணியில் பாரிட்டி செக் ஓடுகிறதா, டவுன்லோடு ஏதாவது அதே டிஸ்க்குகளில் எழுதிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டு ஃபைல்கள் இரண்டு வெவ்வேறு டிஸ்க்குகளுக்குப் போனாலும் பாரிட்டி டிஸ்க் ஒன்றுதான். அதன் ஹெட் இரண்டு இடங்களுக்கும் மாறி மாறி அலைகிறது.

அளக்கும் முறையில்தான் பலர் சறுக்குகிறார்கள். லினக்ஸ் கர்னல் வந்த தரவை முதலில் ரேமில் வாங்கி வைத்துக்கொள்கிறது. காலியாக உள்ள நினைவகத்தில் 20 விழுக்காடு வரை இப்படித் தேங்க வழக்கமான அமைப்பு இடம் தருகிறது. 16 ஜிபி ரேம் உள்ள சர்வரில் 2 ஜிபி படம் ஒன்றைக் காப்பி செய்துவிட்டு ‘110 வருகிறது, எல்லாம் சரி’ என்று முடிவு கட்டினால், அது ரேமின் வேகத்துக்குக் கொடுத்த சான்றிதழ். சோதனை ஃபைல் 100 ஜிபியாவது இருக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நிமிட வேகத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிட வேண்டும்.

இந்தக் கட்டத்தில் எல்லாத் திசையிலிருந்தும் வரும் அறிவுரை, ‘ஒரு எஸ்எஸ்டி வாங்கி கேஷாகப் போடு’ என்பது. கேஷ் நல்ல வசதிதான். பகலில் வரும் ஃபைலை எஸ்எஸ்டி வாங்கிக்கொள்ளும், இரவில் ‘மூவர்’ என்ற நிரல் அதை டிஸ்க்குகளின் தொகுப்பான அரேக்கு நகர்த்தும். ஆனால் பழுதான டிஸ்க்கின் மேல் கேஷ் போடுவது நோயை மறைக்கும் மருந்து. பகலில் தெரிந்த மெதுவேகம் இரவுக்கு மாறுகிறது, அவ்வளவுதான். மூவர் விடிந்தும் முடியாமல் ஓடும், கேஷ் நிரம்பும், மறுநாள் ஃபைல்கள் மறுபடி நேராக அரேயில் விழும். ஒற்றை எஸ்எஸ்டியில் காத்திருக்கும் ஃபைலுக்குப் பாரிட்டிப் பாதுகாப்பும் கிடையாது. விலை மலிவான எஸ்எஸ்டி என்றால், சில பத்து ஜிபிக்குப் பிறகு அதன் வேகமே ஹார்ட் டிஸ்க்குக்குக் கீழே போய்விடுவதும் உண்டு. பணம் செலவழிப்பதற்கு முன் செய்ய வேண்டியது, டிஸ்க்குகளைத் தனித்தனியாகப் பார்ப்பது.

அதற்கு லினக்ஸின் ஐஓஸ்டாட் கட்டளை போதும். விரிவான அறிக்கையை ஐந்து வினாடிக்கு ஒரு முறை வரும்படி வைத்து, பெரிய காப்பி ஓடும்போதே பார்க்க வேண்டும். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு வரி. எழுதும் கோரிக்கை சராசரியாக எத்தனை மில்லி செகண்டு காத்திருந்தது என்பதற்கு ஒரு பத்தி, டிஸ்க் எத்தனை விழுக்காடு நேரம் வேலையில் இருந்தது என்பதற்குக் கடைசிப் பத்தி. ஆரோக்கியமான அரேயில் எழுதப்படும் டிஸ்க்கும் பாரிட்டி டிஸ்க்கும் கிட்டத்தட்ட ஒரே அளவில் காத்திருக்கும். ஒரு டிஸ்க் மட்டும் 100 விழுக்காட்டில் ஒட்டிக்கொண்டு, காத்திருப்பு சில நூறு மில்லி செகண்டுக்கு ஏறி, மற்றவை சும்மா இருந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. முழு அரேயின் எழுதும் வேகமும் அந்த ஒரு டிஸ்க்கின் வேகம்தான்.

இப்படி அகப்படும் டிஸ்க் பெரும்பாலும் கெட்டுப்போனதாக இருக்காது. டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் அறிக்கை சுத்தமாக இருக்கும். அது எஸ்எம்ஆர் டிஸ்க்காக இருக்கும். சாதாரண டிஸ்க்கில் தடங்கள் ஒன்றன் பக்கத்தில் ஒன்று இடைவெளி விட்டு ஓடுகின்றன. எஸ்எம்ஆர் டிஸ்க்கில் அதிக இடம் பிடிப்பதற்காகத் தடங்கள் நாட்டு ஓடு வேய்ந்த கூரைபோல ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கும். படிக்கத் தடையில்லை. ஆனால் நடுவில் ஒரு தடத்தை மாற்றி எழுதினால் மேலே படிந்த அடுத்த தடம் அழியும். ஆகவே அந்தப் பட்டை முழுவதையும் படித்து எடுத்துத் திரும்ப எழுத வேண்டும். இந்தச் சங்கடத்தை மறைக்க டிஸ்க்கின் ஒரு பகுதி சாதாரண முறையில் தற்காலிகக் கிடங்காக வைக்கப்பட்டிருக்கும். புதிய தரவு முதலில் அங்கே போகும். சும்மா இருக்கும் நேரத்தில் டிஸ்க் தானே அதை உரிய பட்டைக்கு மாற்றும். கிடங்கு நிரம்பும்வரை வேகத்தில் குறை தெரியாது. நிரம்பியதும் இருபதுக்கும் பத்துக்கும் கீழே விழும்.

பாரிட்டி வேலைக்கு இதைவிடப் பொருந்தாத டிஸ்க் கிடையாது. தரவு டிஸ்க்கில் ஒரு படத்தை ஒரு முறை எழுதினால் அதோடு முடிந்தது. எந்த டிஸ்க்கில் எது மாறினாலும் பாரிட்டி டிஸ்க் மாற்றி எழுதப்படுகிறது, அதுவும் சிதறிய இடங்களில். ஓய்வு நேரம் குறைவதால் கிடங்கு காலியாவதும் இல்லை. இதில் பலரை ஏமாற்றுவது ஒன்று உண்டு. அன்ரெய்டில் பாரிட்டியைப் புதிதாகக் கட்டும்போது முதலிலிருந்து கடைசிவரை வரிசையாக எழுதப்படுவதால், எஸ்எம்ஆர் டிஸ்க்கும் பட்டை பட்டையாக நிரப்பிக்கொண்டு ஓரளவு நல்ல வேகத்தில் முடித்துவிடக்கூடும். ‘பாரிட்டி ஒரே நாளில் முடிந்தது, டிஸ்க்கில் என்ன குறை’ என்ற கேள்வி இங்கிருந்து வருகிறது. வரிசையாக எழுதிய சோதனை, சிதறி எழுதும் வேலைக்குச் சாட்சி ஆகாது.

வாங்கும்போதே கண்டுபிடிக்கலாமே என்பது நியாயமான கேள்வி. நீண்ட காலம் முடியவில்லை. 2020 ஏப்ரலில்தான் வெஸ்டர்ன் டிஜிட்டல், நாஸ் சர்வருக்கென்றே விற்ற டபிள்யூடி ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில டிஸ்க்குகள் எஸ்எம்ஆர் என்று ஒப்புக்கொண்டது. பிறகுதான் சாதாரண முறை டிஸ்க்குகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப் பெயர் வந்தது. மாடல் எண்ணின் வால் எழுத்தை மட்டும் நம்பவும் கூடாது: இஎஃப்ஏஎக்ஸ் என்று முடியும் 4 டிபி டிஸ்க் எஸ்எம்ஆர், அதே வால் உள்ள 8 டிபி டிஸ்க் அப்படி அல்ல. சீகேட் பாரகுடா 8 டிபியும் எஸ்எம்ஆர்தான். நிறுவனங்கள் இப்போது எது எந்த முறை என்ற பட்டியலை வெளியிடுகின்றன. முழு மாடல் எண்ணை அதில் ஒப்பிட்டுப் பார்க்காமல், கடைக்காரர் சொன்னார் என்று வாங்குவது வீண் துணிச்சல்.

எஸ்எம்ஆர் இல்லை என்றால் மிச்சமுள்ளவை சில. டிஸ்க்கின் சொந்த ரைட் கேஷ் அணைந்திருக்கலாம். சர்வர்களிலிருந்து கழற்றி விற்கப்படும் பழைய எஸ்ஏஎஸ் டிஸ்க்குகளில் இது சகஜம். எச்டிபார்ம் அல்லது எஸ்டிபார்ம் கொண்டு பார்த்து இயக்கிவிடலாம், யுபிஎஸ் இருந்தால் மட்டும். ஸ்மார்ட் அறிக்கையில் 199ஆம் அளவீடு ஏறிக்கொண்டே போனால் சாட்டா கேபிளை மாற்ற வேண்டும். 197ஆம் அளவீடு பூஜ்யத்தைத் தாண்டினால் டிஸ்க்கையே மாற்ற வேண்டும். டிஸ்க் விளிம்புவரை நிரம்பியிருந்தால் உள்வட்டத் தடங்களில் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். அதைத் திருத்த வழியில்லை.

டிஸ்க்குகள் எல்லாம் சரி, ஐம்பது போதவில்லை என்பவருக்கு அன்ரெய்டில் டர்போ ரைட் உண்டு. பழையதைப் படித்துத் திருத்துவதற்குப் பதில், மற்ற எல்லா டிஸ்க்குகளையும் படித்துப் பாரிட்டியைப் புதிதாகக் கணக்கிடும் முறை இது. சுழற்சிக் காத்திருப்பு போய்விடுவதால் கிகாபிட் நெட்வொர்க்கின் எல்லையைத் தொடலாம். பதிலுக்கு எல்லா டிஸ்க்குகளும் சுழல வேண்டும். மின்சாரமும் சூடும் கூடும். இருப்பதில் மெதுவான டிஸ்க்தான் வேகத்தைத் தீர்மானிக்கும். லினக்ஸின் ரெய்டு 5இல் இதற்கு ஈடான திருத்தம் ஸ்ட்ரைப் கேஷ். 256 என்ற வழக்கமான அளவை 8192 ஆக உயர்த்தினால் டிஸ்க்குக்கு 32 எம்பி ரேம் செலவாகும். எல்லா டிஸ்க்குகளிலும் ஒரே வரிசையில் உள்ள துண்டுகள், அதாவது முழு ஸ்ட்ரைப், சேர்ந்த பிறகு எழுத வாய்ப்புக் கூடுவதால் படிக்கும் வேலை குறையும். சர்வரை அணைத்துப் போட்டால் பழைய அளவுக்கே திரும்பிவிடும் என்பதால், தொடக்க ஸ்கிரிப்டில் சேர்க்க வேண்டும்.

பாரிட்டியில் எஸ்எம்ஆர் டிஸ்க் அகப்பட்டால் அதை மாற்றுவதைத் தவிர வேறு நல்ல வழியில்லை. புதிய டிஸ்க், தரவு டிஸ்க்குகளில் பெரியதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். முதலில் ஒரு பாரிட்டி செக் நடத்தி, தரவு டிஸ்க்குகளில் பிழையில்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஏனென்றால் ஒற்றைப் பாரிட்டி அமைப்பில் புதிய பாரிட்டி கட்டி முடியும்வரை பாதுகாப்பு இல்லை. 8 டிபி டிஸ்க் சராசரி 150 மெகாபைட்டில் ஓடினால் அது சுமார் 15 மணி நேரம். அந்த நேரத்தில் எதையும் எழுதாமல் விடுவது நல்லது. பழைய பாரிட்டி டிஸ்க்கையும் அதுவரை அழிக்கக் கூடாது. கட்டி முடித்து மறுபடி ஒரு செக் பிழையின்றி ஓடிய பிறகு, கழற்றிய டிஸ்க்கை யுஎஸ்பி பெட்டியில் போட்டு மாதம் ஒரு முறை எடுக்கும் பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். வரிசையாக எழுதிவிட்டு ஓய்ந்திருக்கும் அந்த வேலைக்கு எஸ்எம்ஆர் தாராளமாகப் போதும்.