பாஸ்போர்ட்டும் பணமும் ஏஜென்ட் கையில்

கேள்வி: எட்டாம் வகுப்பு வரை படித்தவன், லாரி ஓட்டுகிறேன். குவைத்தில் டிரைவர் வேலை வாங்கித் தருவதாக, மும்பை கம்பெனி ஒன்றின் சப்-ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்ட எங்கள் ஊர்க்காரர் போன வருடம் 1,80,000 ரூபாய் வாங்கினார். ஜிபேயில் 60,000, மீதி ரொக்கம். ரசீது இல்லை. பாஸ்போர்ட்டும் அவரிடம்தான். அலைந்து கேட்டதில் ஒரு செக் கொடுத்தார். ஐந்து மாதத்துக்கு முன் அதுவும் பணமில்லாமல் திரும்பிவிட்டது. இப்போது, "துபாய்க்கு விசிட் விசா ரெடி, போய் அங்கேயே மாற்றிக்கொள்" என்கிறார். போகலாமா? பணம் திரும்பக் கிடைக்குமா?
- வாசகர், அறந்தாங்கி

பதில்: போகாதீர்கள். பத்தாம் வகுப்பு தேறாததால் உங்களுடையது இ.சி.ஆர். பாஸ்போர்ட்டாகத்தான் இருக்கும். குவைத், அமீரகம் உட்பட 18 நாடுகளுக்கு இந்த பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். அதைத் தட்டிக்கழிக்கத்தான் விசிட் விசா. அதில் போய் வேலை பார்த்தால் அந்த நாட்டுச் சட்டப்படி நீங்கள்தான் குற்றவாளி.

அந்த ஏஜென்ட் உங்கள் மாமனாருக்கு என்ன முறை என்பது வரை மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வழக்கைத் தீர்மானிக்கும் விஷயம் மட்டும் கடிதத்தில் இல்லை: அவரிடம் மத்திய அரசின் பதிவுச் சான்றிதழ் உண்டா? 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின் 10-வது பிரிவுப்படி, பதிவு இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பதே குற்றம். சப்-ஏஜென்ட் என்று ஒருவரை இந்தச் சட்டம் அறியாது. இ-மைகிரேட் இணையதளத்தில் ஐந்து நிமிடத்தில் பார்த்திருக்கலாம். பதிவு உள்ளவரும் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், அதுவும் ரசீது கொடுத்து. ஆக, எந்தக் கணக்கிலும் 1,80,000 வராது.

செக் விஷயத்தில் உங்கள் மீது எனக்குக் கோபமே வருகிறது. செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்பியிருந்தால், செக் மோசடி வழக்கே போட்டிருக்கலாம். ஐந்து மாதம் என்ன செய்தீர்கள்? "சொந்தக்காரர், கொடுத்துவிடுவார்" என்று காத்திருந்தீர்கள். 1,20,000 ரூபாயை ரசீதில்லாமல் கையில் கொடுத்தது அதைவிட மோசம். அவர் இல்லை என்று சாதித்தால் நிரூபிக்க வேண்டியது நீங்கள். நோட்டீஸ் காலம் கடந்தாலும் செக்கைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பணம் வாங்கியதற்குச் சான்றாக அது உதவும். பணத்தைக் கேட்டு சிவில் வழக்குப் போட பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. அதையும் தூங்கிக் கழிக்க வேண்டாம்.

பதிவு இல்லாதவர் என்று உறுதியானால், குடிபெயர்வுச் சட்டத்தோடு பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவையும் (மோசடி; ஏழு ஆண்டு வரை சிறை) குறிப்பிட்டுப் போலீசில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். "கொடுக்கல் வாங்கல், கோர்ட்டுக்குப் போ" என்பார்கள். குடிபெயர்வுச் சட்டக் குற்றங்களில் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம். மறுத்தால் புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அடுத்தது மாஜிஸ்திரேட் கோர்ட். பணம் திரும்புமா என்பதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது.

புகாரில் பாஸ்போர்ட் எண்ணைத் தவறாமல் எழுதுங்கள். அது மத்திய அரசின் சொத்து. ஏஜென்ட் பிடித்து வைத்துக்கொள்ள உரிமை இல்லை. அதற்காக "தொலைந்துவிட்டது" என்று பொய் சொல்லிப் புதிதாக விண்ணப்பித்தால் மாட்டப்போவது நீங்கள்.

ஆவணங்களைப் பார்க்காமல் இதற்கு மேல் சொல்வது சரியல்ல. செக், வங்கி மெமோ, ஜிபே விவரத்தோடு கூடிய வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாவற்றுடனும் இந்த வாரமே உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரை நேரில் பாருங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் போனையும் கொண்டு போங்கள். புகார் போனதும் அவர் சமரசம் பேச வருவார். வழக்கறிஞர் படித்துப் பார்க்காத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.