நாலாவது மணி நேரத்துக் கால்கள்

கேள்வி: ஒரே எடை, சோதனையில் ஒரே வாட் காட்டும் இரண்டு சைக்கிள் வீரர்களில் ஒருவர் மட்டும் பந்தயத்தின் கடைசிக் கட்டத்தில் பின்தங்குவது ஏன்? பயிற்சியால் இதைச் சரிசெய்ய முடியுமா?
— வாசகர், சுசீந்திரம்

பதில்: நெடுந்தூரப் பந்தயத் திறனுக்கு உடலியங்கியல் நெடுங்காலமாக மூன்று அளவுகோல்களைச் சொல்லிவந்தது. உடல் ஒரு நிமிடத்தில் அதிகபட்சமாகப் பயன்படுத்தும் ஆக்சிஜன் ஒன்று. ரத்தத்தில் லாக்டேட் ஏறத் தொடங்கும் உழைப்பு நிலை இன்னொன்று. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குச் செலவாகும் ஆற்றல் மூன்றாவது. அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் மைக்கேல் ஜாய்னர் 1991-இல் மாரத்தான் ஓட்டத்தின் எல்லையை இந்த மூன்றை வைத்தே கணக்கிட்டார். மூன்றையும் நன்றாகத் தூங்கி ஓய்வெடுத்து வந்த உடலில்தான் அளக்கிறார்கள். பந்தயமோ நாலு மணி நேரம் மிதித்துக் களைத்த உடலில் முடிவாகிறது. அந்த உடலில் இம்மூன்றும் எவ்வளவு சரிகின்றன என்பது ஆளுக்கு ஆள் மாறும். கடந்த சில ஆண்டுகளாக ஆய்வாளர்கள் இதை நாலாவது அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்கள். தமிழில் சோர்வு தாங்கும் திறன் எனலாம். தொழில்முறை வீரர்களின் பந்தயப் பதிவுகளிலும் இதுவே தெரிகிறது: புதுக்கால்களோடு இருக்கையில் வெல்பவருக்கும் மற்றவருக்கும் இடையே உள்ள வேறுபாடு சிறியது, ஆயிரக்கணக்கான கிலோஜூல் வேலை முடிந்த பிறகு அது பெரிதாகிறது.

சரிவுக்கு முதற்காரணம் எரிபொருள். 200 வாட்டில் 4 மணி நேரம் மிதித்தால் 2,880 கிலோஜூல் வேலை. தசையின் செயல்திறன் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு என்பதால், ஒரு கிலோஜூல் வேலைக்கு உடல் செலவிடுவது சுமார் ஒரு கிலோகலோரி என்று வசதியாக வைத்துக்கொள்ளலாம். தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேமித்திருக்கும் சர்க்கரை சுமார் 500 கிராம், அதாவது 2,000 கிலோகலோரி. மீதியைக் கொழுப்பு தரும். ஆனால் கொழுப்பு மெதுவாக எரிவது. பந்தய வேகத்தை அது மட்டும் தாங்காது. கிளைக்கோஜன் குறையும்போது தசை நாருக்குள் கால்சியம் வெளியாவது மந்தமாகி, ஒவ்வொரு சுருக்கத்தின் வலுவும் குறைகிறது. களைத்த மெல்லிழுப்பு நார்களுக்குப் பதிலாக, சிக்கனமற்ற விரைவிழுப்பு நார்களை உடல் வேலைக்கு அழைக்கிறது. அதே 200 வாட்டுக்கு இப்போது ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும். சோர்வு சோர்வை வளர்ப்பது இப்படித்தான்.

ஒருவர் நிலைகுலையாமல் நீடிக்கக்கூடிய வாட்டின் மேல் எல்லை, 2 மணி நேரக் கடும் உழைப்புக்குப் பின் ஏறத்தாழ 10 சதவீதம் குறைவதை இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகக் குழு காட்டியது. இது சராசரி; சிலருக்கு அசையவே இல்லை, சிலருக்குப் பெரிய வீழ்ச்சி. கேள்வியில் வரும் இரண்டு வீரர்களும் இந்த இரு ஓரங்களைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம். புதுக்கால் சோதனை அதைக் காட்டிக்கொடுக்காது.

அடுத்தது வெப்பமும் காற்றும். நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். ஆரல்வாய்மொழிக் கணவாய் போதும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று அந்த இடைவெளியில் பாய்கிறது. முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பதற்குக் காரணம் அதுவே. சுசீந்திரத்திலிருந்து நாகர்கோவில், தோவாளை, ஆரல்வாய்மொழி வழியாகக் காவல்கிணறு போகிறவருக்கு முதுகுக்காற்று. வேகம் சுகமாக ஏறும். ஆனால் காற்றோடு சேர்ந்தே நகர்வதால் உடம்பில் படும் காற்று குறைகிறது, வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. செலவிடும் ஆற்றலில் முக்கால் பங்கு வெப்பமாகவே வெளியேற வேண்டியிருக்க, அந்த வெப்பம் உடலில் தேங்குகிறது. குளிர்விக்கத் தோலுக்கு ரத்தம் திரும்புவதால், அதே வாட்டுக்கு இதயத்துடிப்பு ஏறுகிறது. திரும்பும்போது எதிர்க்காற்று. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகிறவர் எதிரே 15 கி.மீ. காற்று வீசினால், அவர் மேல் மோதும் காற்றின் வேகம் 45. காற்றுத்தடை அதன் இருமடிப் பெருக்கத்தில் ஏறுவதால் 2.25 மடங்காகிறது. வேகத்தை விடமாட்டேன் என்று அழுத்துகிறவர் அரை மணி நேரத்தில் தன் எல்லைக்கு மேலே போய்விடுவார். வேகத்தைப் பார்க்காமல் வாட்டையோ மூச்சையோ பார்த்து ஓட்டுகிறவர் நேரத்தை இழப்பார், கால்களை இழக்கமாட்டார்.

இதே கணக்கு பெரிதாக நடக்கும் பந்தயமும் குமரியில்தான் முடிகிறது. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை ஏறத்தாழ 3,600 கி.மீ. தூரத்தை நாசிக்கின் ஓம் மகாஜன் 2020 நவம்பரில் 8 நாள் 7 மணி 38 நிமிடத்தில் கடந்தார். காஷ்மீரின் அடில் தேலி 2021-இல் அதை 8 நாள் 1 மணி 37 நிமிடமாகக் குறைத்தார். தூக்கம், சாப்பாடு எல்லாம் சேர்த்துச் சராசரி மணிக்கு 18.6 கி.மீ. ஒரு மணி நேரத்துக்கு அந்த வேகம் பயிற்சியுள்ள எவருக்கும் சாதாரணம். இரு சாதனைகளுக்கும் இடையேயுள்ள 6 மணி நேரம் மொத்தத்தில் 3 சதவீதம்தான். இங்கே தூக்கமின்மையும் சேர்ந்துகொள்வதால், தளர்வது கால் மட்டுமல்ல, மூளையும்.

பயிற்சியால் முடியுமா என்றால், முடியும். ஆண்டுக்கணக்கில் குறைந்த தீவிரத்தில் நீண்ட தூரம் ஓட்டுவதே அடித்தளம். கொழுப்பை எரிக்கும் திறனும் மெல்லிழுப்பு நார்களின் தாங்குசக்தியும் அதில்தான் வளர்கின்றன. பலர் நம்பத் தயங்கும் இன்னொன்று எடைப்பயிற்சி. நார்வேயில் ரோன்னெஸ்டாட் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வில், சைக்கிள் பயிற்சியோடு 12 வாரம் கனமான எடை தூக்கிய வீரர்கள், 185 நிமிடம் ஓட்டிய பிறகு வைக்கப்பட்ட 5 நிமிட முழுவேகச் சோதனையில் முன்னேறினார்கள். வெறுமனே ஓட்டியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. முன்னேற்றத்தை அறிய, 20 நிமிடச் சோதனையை ஒருநாள் புதுக்காலிலும், வேறொரு நாள் 2,000 கிலோஜூலுக்குப் பிறகும் செய்து ஒப்பிட வேண்டும். வாட் மீட்டர் இல்லாதவர்கள் காற்றில்லாத அதிகாலையில் ஒரே சாலையில் செய்யலாம்.

கேள்வி: ஓட்டத்தின்போது ஜெல்லுக்குப் பதில் மட்டிப்பழமும் கருப்பட்டியும் போதுமா?
— அதே வாசகர்

பதில்: போதும், அளவு தெரிந்தால். குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் மணிக்குச் சுமார் 60 கிராம் வரை உறிஞ்சும்; ஃப்ரக்டோஸ் வேறு வாசல் வழியாகப் போவதால் இரண்டும் சேர்ந்தால் 90 கிராம் வரை எட்டலாம். கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ்; அது பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். ஆகவே கரைத்த கருப்பட்டி நீரோடு ஒரு சிட்டிகை உப்பு சேர்த்தால் நல்ல பந்தயப் பானம். மட்டிப்பழம் சிறியது, அதை மட்டுமே நம்பினால் நிறைய உரிக்க வேண்டியிருக்கும். பசித்த பிறகு தொடங்குவது தாமதம். முதல் அரை மணி நேரத்திலேயே தொடங்கவேண்டும். பந்தய நாளில் புதிதாக 90 கிராம் முயன்றால் வயிறு புரட்டும். 40 கிராமில் ஆரம்பித்து வாரந்தோறும் கொஞ்சம் கூட்டினால் குடலும் பழகிக்கொள்ளும்.