கேடியும் தாகியும்

கேள்வி: இங்கே பெஹாலா டிராம் டிப்போ பக்கம் டீக்கடையில் பழைய குற்றவாளிகளை 'தாகி ஆசாமி' என்கிறார்கள். திருத்தவே முடியாதவனை நாம் 'கேடி' என்போமே, இரண்டும் ஒன்றுதானா? 'கேடு' என்பதிலிருந்து வந்ததா கேடி?
- ஒரு வாசகி, பெஹாலா, கொல்கத்தா

பதில்: கேடு செய்பவன் கேடி. கேட்க எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! ஆனால் சொல் பிறந்தது போலீஸ் ஸ்டேஷனில். 'நோன் டிப்ரடேட்டர்' (Known Depredator) என்று ஆங்கிலத்தில் ஒரு வகை. திருடன் என்று போலீசுக்குத் தெரிந்தவன். அதன் முதல் எழுத்துகள்தான் கே, டி. திருந்தாதவன் என்ற பொருள் அதில் எங்குமே இல்லை, கவனித்தீர்களா? அதை ஏற்றியது நாம். கேடி லிஸ்டில் பேர் ஏறியவன் வீட்டுக் கதவைத்தான், ஊரில் எங்கே பூட்டு உடைந்தாலும் முதலில் தட்டுவார்கள். பிறகு அவன் திருந்தினால் என்ன, திருந்தாவிட்டால் என்ன? இன்று சேட்டை செய்யும் பேரனைக்கூடப் பாட்டி 'சரியான கேடிடா நீ' என்று கொஞ்சுகிறாள். அது வேறு கதை.

உங்கள் ஊர் 'தாகி' பாரசீகம் தந்தது. 'தாக்' என்றால் கறை, தழும்பு. தாகி, கறை பட்டவன். 'ஆசாமி' நமக்கு வெறும் ஆள்; வங்காளிக்குக் குற்றம் சாட்டப்பட்டவன். அங்கே யாரையும் 'நல்ல ஆசாமி' என்று புகழ்ந்துவிடாதீர்கள். கறை என்பது வெறும் பேச்சாக இல்லாத காலமும் உண்டு. ஆயுள் கைதியின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தும் தண்டனை வங்காளத்தில் இருந்தது, 1849-இல்தான் ஒழித்தார்கள்.

அடுத்து, வெள்ளையர் ஆட்சி தனி ஆளை விட்டுச் சாதியையே லிஸ்டில் ஏற்றியது. 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அந்தச் சட்டப்படி கைரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள்மீது பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. நாடு முழுக்க அந்தச் சட்டம் ஒழிந்தது 1952-இல். லிஸ்ட் போனதா? 1998-இல் மேற்கு வங்கத்தின் புருலியாவில் போலீஸ் பிடித்த புதன் சபர் சிறையில் இறந்தார். அவருடைய கேடியா சபர் சமூகம் முன்பு அந்தப் பட்டியலில் இருந்தது. எழுத்தாளர் மகாஸ்வேதா தேவியின் முயற்சியால் வழக்கு கல்கத்தா உயர் நீதிமன்றம் சென்றது. மேற்கு வங்கச் சிறை விதியிலோ, 'தப்பியோடும் இயல்புள்ள' நாடோடி இனக் கைதிகளை இரவுக் காவலுக்கு வைக்கக் கூடாது என்ற வரி நெடுங்காலம் இருந்தது. 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் சிறை விதிகளிலுள்ள இத்தகைய சாதிப் பாகுபாடுகள் செல்லாது என்றது.