மேப் காட்டுது, கால் போகலை! ஏன்?

கரையை விட்டு வெகுதூரம் போன படகில் செல்போனை எடுத்துப் பாருங்க. மேப்பில் நீலப் புள்ளி தெரியும். ஆனால் கால் போகாது. ஏன் இப்படி?

நாம் பேசுவதைக் கொண்டுபோவது டவர்தான். ஊரைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து டவர் வைக்கிறார்கள். அந்தப் பகுதிக்குப் பேர்தான் 'செல்'. உங்கள் குரல் ரேடியோ அலையாகப் பக்கத்து டவருக்குப் போய், அங்கிருந்து பெரும்பாலும் கேபிள் வழியே ஓடுகிறது. பஸ்சில் போகும்போது ஒரு டவர் உங்களை அடுத்த டவரிடம் ஒப்படைக்கும். கடலில் ஒப்படைக்க அடுத்த டவர் கிடையாது.

ஜிபிஎஸ் வேறு. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சிக்னலை வாங்கி, போன் இடத்தைக் கணக்குப் போடுகிறது. வாங்க மட்டும்தான் செய்யும், திருப்பி அனுப்பாது. நீங்கள் இருக்கும் இடம் உங்களுக்குத் தெரியும், கரைக்குத் தெரியாது!

இதை மறக்காதீங்க:

• உங்கள் சிம்மில் சிக்னல் இல்லையா? 112-ஐ அழையுங்கள். வேறு நிறுவனத்தின் டவர் எட்டினாலும் கால் போகும். எந்த டவரும் எட்டாவிட்டால் 112-ம் கிடைக்காது.

• கிளம்பும் முன்பே மேப்பை டவுன்லோடு செய்துகொள்ளுங்கள்.

• ஆழ்கடல் போகும் படகில், இஸ்ரோ உருவாக்கிய அபாய எச்சரிக்கைக் கருவி இருக்கட்டும். பட்டனை அழுத்தினால் படகு இருக்கும் இடம் செயற்கைக்கோள் வழியே கடலோரக் காவல்படைக்குப் போய்ச் சேரும்.

• போன படகு திரும்பவில்லையா? கரையில் இருப்பவர்கள் காத்திருக்க வேண்டாம். கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்கு உடனே சொல்லுங்கள்.