பழைய வண்டியில் தீப்பொறி வரவில்லையா?

காய்கறி மூட்டையுடன் சந்தைக்குப் புறப்படும் வேளையில், பிளாட்டினம் பாயிண்டு உள்ள பழைய மொபெட் கிளம்ப மறுத்தால், உடனே காயிலை மாற்றிப் பணத்தை விரயமாக்க வேண்டாம். கீழ்க்கண்ட வரிசையில் சோதியுங்கள்.

1. பெட்ரோல் குழாயை மூடிப் பிளக்கைக் கழற்றவும். நல்ல பிளக் ஒன்றை மூடியில் செருகி, அதன் உலோகப் பகுதி என்ஜினைத் தொடுமாறு வைத்து மிதிக்கவும். பிளக் துவாரத்தருகே வைத்தால் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும், தள்ளி வைக்கவும். பொறி வந்தால் பழைய பிளக்கே பழுது.

2. வராவிடில், என்ஜினை நிறுத்தும் சுவிட்சின் ஒயரைக் கழற்றிச் சோதிக்கவும். இப்போது பொறி வந்தால் பழுது சுவிட்சிலோ ஒயரிலோதான்.

3. அப்போதும் வராவிடில், பாயிண்டு முனைகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைக்கவும். முழுதும் திறந்த நிலையில் இடைவெளி கையேட்டில் கண்டபடி (பொதுவாக 0.3 முதல் 0.4 மி.மீ.) இருக்க வேண்டும். முனைகள் அடிக்கடி கருகினால் கண்டன்சரை மாற்றவும்.

இவற்றுக்குப் பின்னரே காயிலைச் சந்தேகிக்கலாம்.