மின்சாரமும் இல்லமும்

வீடு கட்டுவோர் வாயில் எத்திசையில் அமைய வேண்டும் என்று ஆராய்வர். கிணறு எங்கே, அடுப்படி எங்கே என்று பெரியோரைக் கேட்டு முடிவு செய்வர். ஆனால், சுவிட்சுகள் எங்கே அமைய வேண்டும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மின்பணியாளர் சுவரைக் கொத்திப் பெட்டியைப் பதித்த இடமே இடம் என்று அமைதி அடைகின்றனர். பூச்சு வேலை முடிந்தபின் அவ்விடத்தை மாற்றுதல் எளிதன்று. ஒரு நாள் எண்ணாமல் விட்டது பல ஆண்டுத் தொல்லையாகவும், சில வேளைகளில் உயிருக்கே இடையூறாகவும் முடிகிறது.

இந்தியாவில் இல்லங்களுக்கு வரும் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட்டு. உலர்ந்த தோல் மின்னோட்டத்தை ஓரளவு தடுக்கும். நனைந்த தோலுக்கு அத்தடுக்கும் ஆற்றல் மிகக் குறைவு. ஆதலின், உலர்ந்த கைக்குச் சிறிய அதிர்ச்சியை மட்டும் தரும் கருவி, ஈரக் கைக்கு உயிர்க்கேடு விளைவிக்கக்கூடும். இவ்வுண்மையிலிருந்தே முதல் விதி பிறக்கிறது: நீர் தெறிக்கும் இடத்தில் மின் இணைப்பு இருத்தல் ஆகாது. குளியலறை விளக்கின் சுவிட்சை அறைக்கு வெளியே அமைத்தல் நன்று. அடுப்படியில் பிளக் செருகும் பெட்டியைத் தண்ணீர்க் குழாயின் அருகிலோ அடுப்பின் நேர்மேலோ வைத்தல் தவறு. மாவரைக்கும் கிரைண்டரைச் சுற்றித் தரை எப்பொழுதும் ஈரமாகவே இருக்கும். அதற்குரிய இணைப்பு, கழுவும் நீர் எட்டாத உயரத்திலும், கருவியின் கம்பி தரையில் புரளாத தொலைவிலும் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது விதி, இணைப்பு தாங்கும் சுமை பற்றியது. கருவியின் வாட்டு அளவை வோல்ட்டு அளவால் வகுத்தால், அஃது இழுக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ விளங்கும். 1000 வாட்டு இஸ்திரிப் பெட்டி நான்கு ஆம்பியருக்குச் சற்று மிகுதியாக இழுக்கும். 6 ஆம்பியர் இணைப்பு அதனைத் தாங்கும். 3000 வாட்டு வெந்நீர்க் கருவியோ 13 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் இணைப்பும் தடித்த கம்பியும் தேவை. வேண்டிய இடத்தில் வேண்டிய இணைப்பு இல்லாத வீட்டில், ஒரே துளையில் பல கருவிகளைச் செருகுவர். கம்பி சூடேறும், மேலுறை உருகும், தீப்பற்றவும் கூடும்.

மூன்றாவது விதி உயரம் பற்றியது. வளர்ந்தோர் நின்றுகொண்டு தொடும் உயரத்திலேயே சுவிட்சுகளை அமைத்தல் பல வீடுகளில் வழக்கம். ஆனால், வீட்டில் வாழ்வோர் அனைவரும் ஒரே உயரத்தினர் அல்லர். சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவர் கையை உயரத் தூக்கி எட்டுதல் அரிது. முதுமையால் இடுப்பு வளையாதவர் தரையோரத் துளைக்குக் குனிதலும் அரிது. இங்கிலாந்தில் 1999-ஆம் ஆண்டு முதல், புதிய வீடுகளில் சுவிட்சுகளையும் பிளக் துளைகளையும் தரையிலிருந்து 45 சென்டிமீட்டருக்கும் 120 சென்டிமீட்டருக்கும் இடையே அமைக்குமாறு கட்டட விதிகள் வழிகாட்டுகின்றன. இவ்விடைவெளி, நிற்பவர்க்கும் அமர்ந்திருப்பவர்க்கும் ஒருங்கே எட்டுவது.

‘உயரத்தைத் தாழ்த்தினால் தவழும் குழந்தை துளையில் விரலையோ கம்பியையோ நுழைக்குமே’ என்று தாய்மார் அஞ்சலாம். அவ்வச்சம் நியாயமானதே. இதற்காகவே உள்மூடியுடைய பிளக் துளைகள் செய்யப்படுகின்றன. பிளக்கின் முனைகள் முறையாகச் செருகப்படும்பொழுதே அம்மூடி விலகும். மூன்று முனைகளுள் பருத்ததும் நீண்டதுமான எர்த் முனை முதலில் இணைந்து இறுதியில் பிரிகிறது. கசியும் மின்சாரத்தை நிலத்திற்குக் கொண்டு செல்வதே எர்த் கம்பியின் பணி. மேலும், செல்லும் மின்னோட்டத்திற்கும் திரும்பும் மின்னோட்டத்திற்கும் 30 மில்லி ஆம்பியர் அளவு வேறுபாடு தோன்றினாலே, இமைப்பொழுதில் இணைப்பைத் துண்டிக்கும் காப்புக் கருவியும் உண்டு. இவை இருக்கும் வீட்டில், குழந்தையைக் காப்பதற்காக முதியவரைத் தவிக்கவிட வேண்டியதில்லை.

இருளும் ஓர் இடையூறே. கதவைத் திறந்ததும் கைபடும் பக்கத்தில் சுவிட்சு இருத்தல் வேண்டும்; கதவின் பின்னே மறைந்திருத்தல் கூடாது. மாடிப்படிக்கு மேலும் கீழும் இருவழிச் சுவிட்சு அமைத்தால், ஏறுபவரும் இறங்குபவரும் வெளிச்சத்திலேயே நடப்பர். முதியவர் படுக்கையருகே ஒரு சுவிட்சு இருப்பின், நள்ளிரவில் தடவித் தடுமாறி விழும் துன்பம் நீங்கும்.

இவற்றையெல்லாம் செய்தற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. சுவரைக் கொத்துமுன் வீட்டார் அனைவரும் கூடி, யார் எங்கே இருப்பர், எதனை எட்டுவர் என்று எண்ணிச் சுண்ணக்கட்டியால் குறியிட்டாலே போதும். அவ்வேளையில் பாட்டியையும் ஒரு சொல் கேட்டல் வேண்டும். தன் அறை விளக்கை ஏற்றுவதற்குப் பிறரை அழைத்துக் காத்திருப்பவர்க்கு அவ்வீடு முழுதும் சொந்தமன்று. தாமே கைநீட்டி ஏற்றுபவர்க்கே அது சொந்த வீடு.