இசைப் பாடம்: நாற்பது பேர், ஒரே மூச்சு



இந்தத் தடவை நான் எடுத்துக்கொண்ட விஷயம் மேற்கத்திய இசை. "அது நமக்கு எதுக்குப்பா?" என்று நகர்ந்துவிடாதீர்கள். இதில் ஒரு பள்ளிக்கூடமும் வருகிறது!

1980-ல் ஜெர்மனியில் இசை படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் சேர்ந்து ஒரு சின்ன இசைக்குழு தொடங்கினார்கள். பெயர் டாய்ச்ச கம்மர்ஃபில்ஹார்மோனி. 1992-ல் பிரேமன் நகருக்குக் குடிபோனார்கள். இதற்கு முதலாளி கிடையாது. வாசிக்கிறவர்களே பங்குதாரர்கள். லாபமோ நஷ்டமோ அவங்க தலையில்தான்!

2004-ல் எஸ்டோனியாவில் பிறந்த பாவோ யார்வி கலை இயக்குநராக வந்தார். பீத்தோவனின் (1770-1827) 9 சிம்பொனிகளையும் புதிதாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஏன்? 20-ஆம் நூற்றாண்டில் பெரிய பெரிய குழுக்கள் இவற்றைக் கனமாக, நிதானமாக வாசித்துப் பழக்கிவிட்டன. "நாம் வாசிப்பது பீத்தோவன் எழுதியதா, பிறகு வந்த பழக்கமா?" இதுதான் கேள்வி.

அவர்கள் செய்தவை:

1. ஆள் குறைவு. சுமார் 40 பேர்தான். கம்பி வாத்தியங்கள் குறைந்ததால் குழல்களின் குரல் தெளிவாகக் கேட்கிறது.

2. வால்வு இல்லாத டிரம்பெட். அந்தக் காலத்தில் இருந்த மாதிரி. உதட்டை வைத்தே சுரம் மாற்ற வேண்டும். ஓசை கூர்மை, ஆனால் மற்றவர்களை அமுக்காது. மற்ற வாத்தியங்கள் பெரும்பாலும் இக்காலத்தவைதான்.

3. வயலின்காரர்கள் எதிரெதிர். முதல் அணி இடப்பக்கம், இரண்டாம் அணி வலப்பக்கம். ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்வது போல இருக்கும்.

4. வேகம். 1817-ல் பீத்தோவனே தன் சிம்பொனிகளுக்கு மெட்ரோநோம் கணக்கு வெளியிட்டார். 5-ஆம் சிம்பொனியின் முதல் பகுதிக்கு நிமிஷத்துக்கு 108 தட்டு. ரொம்ப வேகம் என்று பலர் ஒதுக்கிய கணக்கை இவர்கள் மதித்தார்கள்.

அந்த 5-ஆம் சிம்பொனி எப்படி ஆரம்பிக்கிறது தெரியுமா? எல்லோரும் "ட-ட-ட-டா" என்பார்கள். ஆனால் தாளில் முதலில் இருப்பது சத்தம் இல்லை, ஒரு குட்டி மௌனம்! அந்த மௌனத்தில் எல்லோரும் ஒன்றாக மூச்சு எடுக்கணும். ஒருத்தர் முந்தினாலும் போச்சு.

இப்போது பள்ளிக்கூடம். 2007-ல் இவர்கள் தங்கள் ஒத்திகைக் கூடத்தை பிரேமனின் கிழக்கே ஒரு பள்ளிக் கட்டடத்துக்குள்ளேயே அமைத்துக்கொண்டார்கள். வசதி குறைந்த, பல நாட்டுக் குடும்பங்கள் வாழும் பகுதி அது. அந்த மாணவர்களோடு சேர்ந்து மேடை நிகழ்ச்சிகளும் செய்கிறார்கள். உலகம் சுற்றும் கலைஞர்கள் பக்கத்து அறையில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பழகுவதை அந்தப் பிள்ளைகள் கேட்கிறார்கள். எனக்கு அதுதான் பெரிய பாடமாகத் தோன்றுகிறது.

நாமும் செய்து பார்க்கலாமே! நாளைக்குப் பிரார்த்தனைப் பாட்டில் யாரும் குரலை உயர்த்தாமல், பக்கத்தில் நிற்பவர் குரல் காதில் விழும் அளவுக்கு மட்டும் பாடுவோம். முதல் சொல்லுக்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து ஒரு மூச்சு. எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லுங்கள்.